வாயில் கொழுக்கட்டை

போன வைகாசியில் நம்முடன் படித்தவள் ஒருத்தி புது வீட்டில் பால் காய்ச்சினாளே, அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது நம்மில் ஒருவன், இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், எதிர் வரிசையிலிருந்து என்னைப் பார்த்து, "ஏ கொழுக்கட்டை, இன்னுமா சாப்புடறே?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இந்த வயதில் பட்டப்பெயருக்குக் கோபித்துக்கொண்டு இலையை விட்டு எழுந்து போக முடியாது. தவிர, அப்போது பாயசம் வேறு வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாற்பது இன்னும் ஆகவில்லை, அதற்குள் டை அடிக்காமல் கல்யாணத்துக்குக் கிளம்ப யோசிக்கிற நிலைமை நமக்கு. சந்தித்தால் முட்டி வலிக்கு யார் எந்தத் தைலம் தடவுகிறோம் என்றுதான் பேசுகிறோம். இனியும் சொல்லாமல் வைத்திருந்தால் சொல்லாமலே போய்விடும். அஞ்சாம் வகுப்பில் என் வாயில் உண்மையாகவே ஒரு கொழுக்கட்டை இருந்தது. நீங்கள் கேலி செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்த வருஷம் என்னைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்களே, அதில் உங்கள் கேலி ஒன்றுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

புது நூற்றாண்டு பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். நம் பனியன் ஊரில் மண்ணரைப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே ஆறு கதவு, ஆறு குடும்பம், ஒரு குழாய். நாங்கள் தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங், அம்மா அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற ஒவ்வொரு பனியனையும் மேசையில் விரித்துத் திருப்பி, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, குறை உள்ள இடத்தில் சின்னதாக ஓர் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் செக்கிங். வீட்டிலும் அம்மாவுக்கு அதே கண்தான். என் பின்னல், நோட்டு, கழுவி வைத்த தட்டு, எல்லாவற்றையும் ஒரு தடவை திருப்பிப் பார்ப்பாள். என் தலையில் ஸ்டிக்கர் ஒட்டாத குறைதான் என்று அப்பா சொல்வார்.

அந்தக் காலாண்டு விடுமுறைக்குக் கொஞ்சம் முன்பே கம்பெனிக்கு ஏதோ குளிர்தேசத்து ஆர்டர் வந்திருந்தது. ஆயிரக்கணக்கில் நேவி ப்ளூ டீ-ஷர்ட். நேவித் துணி, நேவி நூல். கம்பெனியில் முடியாததை மூட்டை கட்டி வீடுகளுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஒற்றை அறையில் கட்டில் போக மீதி இடமெல்லாம் நேவி மூட்டை. இட்லி மாவில் நீலப் பஞ்சு மிதந்தது. மூக்கைச் சிந்தினால் நீலமாக வந்தது. அப்பாவின் வெள்ளை வேட்டி, யாரும் கேட்காமலே, வானத்தின் நிறத்துக்கு மாறியது. புதுத்துணிச் சாயமும் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை இப்போது எங்கே வந்தாலும் நான் ஜன்னலைத் தேடுவேன்.

வீட்டில் எங்களுக்கு வேலை பிசிறு வெட்டுவது. தையலின் முடிவில் தொங்குகிற நூல் நுனிக்குத்தான் பிசிறு என்று பெயர். உங்களில் பாதிப் பேர் வெட்டியிருப்பீர்கள். கைக்குள் அடங்குகிற ட்ரிம்மர் கத்தரியால் ஒட்ட நறுக்கிப் போட வேண்டும். இதில் ஒரே ஒரு சூது உண்டு. தொங்குகிற நூலெல்லாம் பிசிறு அல்ல. அடிமடிப்பில் ஃபிளாட்லாக் என்கிற சங்கிலித் தையல் முடிகிற இடத்தில் ஒரு வால் தொங்கும். பார்க்கப் பிசிறு மாதிரியே இருக்கும். அதைக் கண்ணியோடு வெட்டி இழுத்தால் மடிப்பு முழுவதும் சரசரவென்று பிரிந்து கையோடு வந்துவிடும். ஒரு நாள் நான் அப்படித்தான் வெட்டி, இழுத்தும் பார்த்தேன். ஒரு டீ-ஷர்ட்டின் அடி முழுக்க அவிழ்ந்து மடியில் விழுந்தது. அம்மா அதை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, வெட்டுவதற்கு முன்னால் நூல் எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டாமா என்று கேட்டாள். அன்றைக்கு முழுதும் அதையே கேட்டாள்.

வீட்டில் ட்ரிம்மர் ஒன்றுதான். அது அம்மாவின் கையில் இருக்கும். நான் பல்லால் கடித்து வெட்டினேன். கடித்ததைத் துப்பிவிடுவேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், துப்பிவிடுவேன்.

என் உபத்திரவம் அந்த லீவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. சோறு ஒரு கவளம், தண்ணீர் ஒரு மடக்கு என்றுதான் எனக்கு இறங்கும். நாக்கின் வேரில், விரல் எட்டாத இடத்தில், எதுவோ உட்கார்ந்துகொண்டு வருகிற ஒவ்வொன்றையும் நிறுத்தி விசாரித்தது. தயிர்சாதம் தப்பித்துப் போகும். சப்பாத்தி போகாது. அம்மாவுக்கு நான் வாயில் சோற்றை அடக்கி வைக்கிற பிடிவாதக்காரி. தட்டை முன்னால் வைத்துவிட்டு, முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பாள். தட்டு காயும், நான் உட்கார்ந்திருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது உங்களுக்கே தெரியும். டீச்சர் என்னை எழுப்பி மனப்பாடச் செய்யுள் சொல்லச் சொல்வார். என் காதுக்குத் தெளிவாகத்தான் கேட்கும். உங்களுக்குப் போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல் கேட்டிருக்க வேண்டும். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே?" என்று டீச்சர் கேட்டார். ஒரு தடவைதான் கேட்டார். மீதி வருஷத்தை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். வெயிலில் எல்லோருக்கும் வியர்க்கும்போது எனக்குக் குளிரும். உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வரும். உயரத்தில் முதல் வரிசையை விட்டு நகரவே இல்லை. மந்தம் என்று மார்க் ஷீட்டில் எழுதவில்லையே தவிர வாயால் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

லீவில் இன்னும் மோசம். காலை ஷிஃப்டுக்குப் போகும்போது அம்மாவும் அப்பாவும் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள். லைன் வீட்டில் பெண்பிள்ளையைத் தனியாக விட்டுப் போகிறவர்களுக்கு வேறு வழி என்ன இருக்கிறது, இன்றைக்கு எனக்கே ஒரு மகள் இருக்கும்போது அது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. இன்னொரு சாவி வீட்டுக்கார அக்காவிடம் இருந்தது. அவர்தான் பகலில் இரண்டு மூன்று தடவை வந்து திறந்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் நானும் நேவி மூட்டைகளும் அஸ்பெஸ்டாஸ் சூடும்தான். ஜன்னலைத் திறந்தால் பஞ்சு பறக்கும், மூடினால் மூச்சு முட்டும். மல்லாந்து படுத்தால் அடிநாக்கில் இருப்பது பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பூட்டு அசைகிற சத்தத்துக்குக் காத்திருப்பேன். அந்த அறையில் நான் பயந்ததுபோல் பிறகு எங்கேயும் பயந்ததில்லை.

அப்படி ஒரு பகலில்தான் அப்பாவின் சவரக் கண்ணாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நாக்கை முடிந்த மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தேன். கடைசியில், உள்நாக்குக்கு முன்னால், நெல்லிக்காய் அளவில் சிவப்பாக, வழவழவென்று ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் மேல் மெல்லிய ரத்த நரம்புகள் ஓடின. குமட்டிக்கொண்டு வரவும் நாக்கை உள்ளே இழுத்தேன். மறுபடி பார்க்கத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் அம்மா வந்ததும் தொண்டையில் உருண்டையாக ஏதோ இருக்கிறது என்று சொன்னேன். அம்மா அதை வீட்டுக்கார அக்காவிடம் சொன்னாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். எங்களைப் போல் வந்தேறிகளுக்கு எந்தக் கடையில் நல்ல அரிசி, எந்த வியாதிக்கு யார் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்த புண்ணியவதி.

"ஏனுங்க அம்மணி, இது தொக்கமுங்க," என்றார். "எம்பட பையனுக்கும் இப்பிடித்தான் சோறு எறங்காமக் கெடந்துச்சு. ஒருக்காப் போயி எடுத்துட்டு வந்தம், தன்னால எறங்கிருச்சுங்க."

தின்றது தொண்டையிலோ குடலிலோ ஒட்டிக்கொண்டால் அதற்குத் தொக்கம் என்று பெயர். எடுத்துவிடுவதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். உங்களில் எத்தனை பேருக்கு எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நெளிய வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனோம். ஒரு தகரக் கொட்டகைக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு இருபது முப்பது அம்மாக்கள் வரிசையில் நின்றார்கள். தொக்கம் எடுக்கிற அம்மா நல்ல பருமன், முகத்தில் சிரிப்பு. என் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி அழுத்தினார். பிறகு ஒரு சின்னப் பித்தளைக் குழலை என் வாயருகே வைத்துக் கன்னம் குழிய உறிஞ்சினார். உள்ளங்கையில் துப்பினார். எச்சிலும் எண்ணெயுமாக ஒரு சிவப்பு நூல் உருண்டை.

"நூலுங்க அம்மணி," என்று அம்மாவிடம் நீட்டினார். "புள்ள நூலுத் தின்னிருக்குது. பனியன் கம்பெனிக்காரங்க ஊட்டுப் புள்ளைகளுக்கு இதே வேலையாப் போச்சுங்க."

வரிசையில் நின்ற அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. அம்மா அந்த உருண்டையை வாங்கி, விரல் நுனியில் உருட்டி, ஒரு நூலைப் பிரித்துப் பார்த்தாள். எந்த நூல் கைக்கு வந்தாலும் அவள் செய்வதுதான் அது. பார்த்துவிட்டு முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நூலத் தின்னியாட்டி? சொல்லு. தின்னியா?"

தின்னவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் உருண்டை அவள் முந்தானையில் இருந்தது, அது என் வாயிலிருந்து வந்ததை முப்பது பேர் பார்த்திருந்தார்கள். ஒருவேளை தூக்கத்தில் தின்றிருப்பேனோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆமா என்றேன்.

"இப்ப எப்படி இருக்கு? போயிருச்சா?"

எச்சில் விழுங்கிப் பார்த்தேன். அது அங்கேயேதான் இருந்தது, அசையவே இல்லை. போயிருச்சு என்றேன். அம்மா அந்தக் கொட்டகை வாசலிலேயே, அடித்த கையால் என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதாள். ஊர்விட்டு வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த அழுகைக்குப் பிறகு நான் எப்படி வாயைத் திறந்து இல்லை, இன்னும் இருக்கிறது என்று சொல்வது? இரண்டே இரண்டு சொல், ஆமா, போயிருச்சு. இரண்டும் பொய். நானே சொல்லி நானே மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. பிசிறு பக்கமே போகக்கூடாது, மடித்து அடுக்கினால் போதும் என்று ஆயிற்று. தினமும் சாயங்காலம் அம்மா என் வாயைத் திறக்கச் சொல்லி, பல்லிடுக்கில் நீலப் பஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பாள். பல்லை மட்டும்தான். நான் நாக்கை மேலே மடக்கிக் கொழுக்கட்டையை மறைத்துக்கொள்வேன். குணமான பிள்ளை சாப்பிடுகிற மாதிரி சாப்பிட வேண்டியிருந்தது. இட்லியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். ஜன்னல் கம்பி வழியே காக்கைக்குப் போட்டேன். நாலு வீட்டுக் காக்கைகள் என்னால் கொழுத்தன. வீட்டுக்கார அக்கா கதவைத் திறக்க வரும்போதெல்லாம், "சோறு இப்ப நல்லா எறங்குதா கண்ணு?" என்று ஆசையாகக் கேட்பார். எறங்குதுங்க்கா என்பேன். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துத் துப்பியபோது ரத்தம் வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அது ஓடி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

லீவு முடிந்து கொஞ்ச நாளில் நம் பள்ளிக்கூடத்துக்குப் பல் டாக்டர்கள் வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, வெள்ளைக் கோட்டுப் போட்ட காலேஜ் பெண்கள் நாலைந்து பேர். ஆளுக்கொரு பற்பசை தருகிறார்கள் என்று முண்டியடித்தீர்கள். நான் வரிசையின் கடைசிக்குப் போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் என்னைவிட்டால் ஆள் இல்லை என்று ஆனது. அந்த அக்காவுக்கு இருபது இருபத்தொரு வயது இருக்கும். சலிக்காமல், "ஆ சொல்லு," என்றாள். நான் நாக்கை மடக்கினேன். அவள் கையில் இருந்த கட்டை அதை மெதுவாக அழுத்திக் கீழே இறக்கியது. அவள் முகத்தில் சிரிப்பு போனது. எழுந்து போய் அவர்களுடைய சாரைக் கூட்டிவந்தாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். பல்லைப் பார்க்க வந்தவள் ஆழம்வரை பார்த்துவிட்டாள். பற்பசை போக எனக்கு மட்டும் ஒரு சீட்டும் கிடைத்தது. அப்பா அம்மாவிடம் கொடு, கண்டிப்பாகக் கொடு என்றாள்.

கொடுக்கவில்லை. கொடுத்தால் போயிருச்சு என்று சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். கிழித்துப் போடவும் பயம், எழுத்தைக் கிழித்தால் சரஸ்வதி கண்ணைக் குத்துவாள். ஒரு டீ-ஷர்ட்டுக்குள் வைத்து மடித்து, கம்பெனிக்குத் திரும்பப் போகிற மூட்டையின் நடுவில் செருகிவிட்டேன். அது கப்பல் ஏறி யாராவது ஒரு வெள்ளைக்காரன் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். என் அம்மாவின் வேலை என்ன என்பதை நான் எப்படி மறந்தேனோ தெரியவில்லை. மறுநாள் செக்கிங் மேசையில் அவள் கையாலேயே அந்த டீ-ஷர்ட்டை விரித்திருக்கிறாள். இங்கிலீஷில் இருந்ததை சூப்பர்வைசரிடம் கொடுத்துப் படிக்கக் கேட்டிருக்கிறாள். மேலே என் பேர். அடிநாக்கில் கட்டி, உடனே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டவும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. சீட்டை அப்பாவிடம் நீட்டிவிட்டு உலை வைத்தாள். அது எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் கூட்டிப்போன நர்சிங் ஹோமில் காது மூக்கு தொண்டை டாக்டர் அந்தப் பகுதியில் பேர் வாங்கியவர். நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறவியிலேயே வந்த கூடுதல் சதை, எடுத்துவிட்டால் பேச்சும் சாப்பாடும் சரியாகிவிடும், சின்ன ஆபரேஷன், வருகிற திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார். எல்லோருக்கும் ஒரே நிம்மதி. அப்பா என் பக்கம் குனிந்து, "பிசிறு மாதிரிதாம்மா, ஒட்ட நறுக்கிருவாங்க," என்றார். எனக்கும் சந்தோஷம்தான். நூல் தின்ற பழி போய், பிறவியிலேயே வந்தது என்று பெரிய டாக்டரே சொல்லிவிட்டாரே. மயக்க ஊசி போடுவார்களா, கத்தியா கத்தரியா என்பது மட்டும்தான் அப்போது என் பயம்.

நர்ஸ் கையெழுத்துக் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா பேனாவைத் திறந்தார். அம்மா அவர் கையைப் பிடித்தாள். பிசிறு என்று அப்பா சொன்ன நிமிஷத்திலிருந்து அவள் முகம் சரியில்லை.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "நான் பிசிறு வெட்டுதவ. தொங்குத நூலெல்லாம் பிசிறு இல்ல டாக்டர். சில நூல வெட்டுனா தையலே பிரிஞ்சு போவும். அது எங்கருந்து வருதுன்னு பாத்துட்டுத்தான் வெட்டணும். இது எங்கருந்து வருதுன்னு பாத்துட்டியளா?"

டாக்டர் சிரித்தார். அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது, சும்மா இருட்டி என்று பல்லைக் கடித்தார். சிரித்த டாக்டர் சிரித்தபடியே என்னைப் பார்த்தார். என் உயரத்தைப் பார்த்தார், வறண்ட கையைப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. கிட்டே வந்து இரண்டு கை விரல்களையும் என் கழுத்தின் முன்பக்கத்தில் வைத்து, எச்சில் விழுங்கச் சொன்னார். மறுபடி விழுங்கச் சொன்னார். அவர் தேடியது கிடைக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. காகிதத்தை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டுவிட்டு, "கோயமுத்தூர் போயி ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்துருங்க. அதுக்கு முன்னாடி நான் தொட மாட்டனுங்க," என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அந்த மனுஷனை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு செக்கிங்காரி கேட்ட கேள்விக்கு நின்று பார்க்கத் தெரிந்தவர்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றி, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, பிறகு ஒரு குறுகலான பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். தோளுக்கடியில் தலையணை, தலை பின்னால் சாய்ந்து கிடந்தது. எனக்கு ஆகவே ஆகாத படுக்கை அது. ஒரு பெரிய வட்ட மெஷின் கழுத்துக்கு மேலே இறங்கி வந்து நின்றது. அசையக்கூடாது, விழுங்கக்கூடாது. அம்மாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். கொழுக்கட்டை பின்னால் சரிந்து அடைத்தது. லைன் வீட்டில் பூட்டு அசைகிற சத்தத்துக்குக் காத்திருந்த மாதிரியே காத்திருந்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். எத்தனை தடவை நூறு வந்தது என்று தெரியவில்லை.

அங்கே பார்த்தது ஒரு டாக்டரம்மா. கறுப்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கழுத்து இருக்க வேண்டிய இடம் முழுக்கக் கறுப்பு. மேலே, நாக்கின் வேரில், ஒரே ஒரு இடம் பளீரென்று இருந்தது.

"தைராய்டுன்னு ஒரு சுரப்பி கண்ணு. கழுத்துல இருக்கணும். நீ வயித்துல இருக்கறப்ப நாக்கோட வேர்ல உருவாகி, மெல்லக் கீழ எறங்கி வரணும். உனக்கு எறங்காம அங்கயே நின்னுருச்சு. உனக்கு இருக்கறதே இது ஒண்ணுதான்."

வளர்த்தி, சூடு, சுறுசுறுப்பு எல்லாம் அது கொடுப்பதுதானாம். இருக்கிற துளியும் முக்கி முனகி வேலை செய்து பார்த்துத்தான் இப்படி வீங்கியிருக்கிறதாம். மாத்திரை கொடுத்தால் அதற்கு ஓய்வு கிடைக்கும், வீக்கம் வற்றும் என்றார். அப்பா மெல்லிய குரலில், திங்கட்கிழமை எடுத்திருந்தால் என்று கேட்டார். எதை எடுத்தோம் என்றே தெரியாமல் வீட்டுக்குப் போயிருப்பீர்கள், பிள்ளை நாளுக்கு நாள் மந்தமாகிக்கொண்டே போயிருப்பாள் என்றார் டாக்டரம்மா. அப்பா தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

எத்தனை நாளாக இருக்கிறது, நடுவில் எப்போதாவது குறைந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. போகவே இல்லை, அன்றைக்கும் போகவில்லை, நான் நூல் தின்னவும் இல்லை என்று சொல்லிவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எந்த நூல் என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா முந்தானை நுனியை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அந்த மாத்திரை கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக, பழுப்புக் குப்பியில் வந்தது. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. ஆறாம் வகுப்பு முடிவதற்குள் நான் மூன்றாவது வரிசைக்குப் போனதும், வாய் ஓயாமல் பேசுகிறேன் என்று வெளியே நிறுத்தப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். காரணம் மட்டும்தான் தெரியாது. கொழுக்கட்டை வற்றி நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு வந்தது. இன்றும் இருக்கிறது, இன்றும் மாத்திரை உண்டு. மெதுவாகச் சாப்பிடுகிறது பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் குப்பிகளில் பொட்டும் ஊக்கும் போட்டு வைத்திருந்தேன். வீடு மாறி மாறி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. கோயமுத்தூரிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் அப்பா முன்னால் நின்றுகொண்டு வந்தார். எனக்கும் அம்மாவுக்கும் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பஸ் அவினாசி தாண்டியது. பொய் சொன்னதற்கு இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று இருந்தேன்.

"அது சேப்பு நூலுட்டி," என்றாள் வெளியே பார்த்தபடி.

எனக்கு விளங்கவில்லை.

"அந்தப் பொம்பள கையில இருந்தது சேப்பு நூலு. நம்ம வீட்டுல ரெண்டு மாசமா நேவி தவிர ஒரு நூலு கெடையாது. கையில வாங்கும்போதே தெரியும் எனக்கு. செக்கிங்ல இருக்கவளுக்கு அதுகூடத் தெரியாதா? நீ ஆமான்னு சொன்னே. எனக்கும் ஆமான்னு இருந்தாத் தேவலன்னு இருந்துச்சு. விட்டுட்டேன்."

பஸ் எதற்கோ நின்று கிளம்பியது. அவள் என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, "ஆ காட்டு," என்றாள். வழக்கம்போல் நாக்கு தானாக மடங்கியது. அதை இறக்கினேன். அம்மா முதல் தடவையாகப் பல்லைத் தாண்டிப் பார்த்தாள். மேசையில் விரித்த துணியைப் பார்க்கிற அதே கண்ணை இடுக்கிக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதைச் சட்டை செய்யாமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள். எந்த இடத்தில் அம்பு ஒட்டப் போகிறாளோ என்று நான் வாயைத் திறந்தபடி காத்திருந்தேன். கடைசியில் தன் கையாலேயே என் வாயை மெதுவாக மூடினாள்.

"இருந்துட்டுப் போவட்டும்ட்டி," என்றாள். "உன்னோடதுதான்."